விமானி ஆக ஆசை, கையில் கம்பஸ் அனுமதி: வன்னிப் பிள்ளைக்கு எந்த வழி சரி?

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும், கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் வவுனியா பம்பைமடுப் பல்கலைக்கழகத்திலும் முதலாம் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகளும் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பைலட் ஆக வேண்டும். அதற்குப் படிப்பை நிறுத்திவிட்டுப் போவதா, முடித்துவிட்டுப் போவதா, இரண்டையும் ஒன்றாகச் செய்வதா? கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதற்கு விபரமாகப் பதில் சொல்ல ஆள் குறைவு. இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைக்கு எழுதிய அறிவுரை. அல்லது பறப்புப் பாடசாலைகளின் விளம்பரம். இரண்டுமே நம்முடைய காணி, நம்முடைய கடவுச்சீட்டு, நம்முடைய ரூபா ஆகியவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாதை சீக்கிரம் முடியும் என்று பார்த்துத் தெரிவு செய்யக் கூடாது. முழுப் பணமும் எங்கிருந்து வரும், லைசன்ஸ் கிடைத்த பிறகு எந்த நாட்டில் வேலை செய்யச் சட்டம் இடம் தரும், இந்த இரண்டையும் வைத்தே தெரிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் வன்னியில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பட்டத்தை முடிப்பதும், படிக்கும் காலத்தில் பறப்புக்கு வேண்டிய அடித்தளத்தைப் போட்டுக்கொள்வதும்தான் பொருத்தம். சிலருக்கு வேறு வழி சரி. யாருக்கு எது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எந்தப் பாதையானாலும் ஏற வேண்டிய படிகள்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்த அளவுகளைத்தான் இலங்கை உட்பட எல்லா நாடுகளும் அடிப்படையாக வைத்திருக்கின்றன. பிரைவேட் பைலட் லைசன்ஸ், அதாவது பி.பி.எல்., 17 வயதில் எடுக்கலாம். குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். கொமர்ஷல் பைலட் லைசன்ஸான சி.பி.எல்.லுக்கு 18 வயது, 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட ஒரே தொடர் பயிற்சியாகச் செய்தால் 150 மணி நேரத்திலும் முடிக்க இடமுண்டு. பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனாக அமர ஏர்லைன் விமானிக்கான லைசன்ஸான ஏ.டி.பி.எல். தேவை: 21 வயது, 1500 மணி நேரம்.

சி.பி.எல்.லுக்கு உள்ளே இன்னொரு நிபந்தனை இருக்கிறது. தனியாக 540 கிலோமீற்றருக்குக் குறையாமல் பறந்து, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். கொழும்பை அடுத்த இரத்மலானையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வந்து, அங்கிருந்து திருகோணமலைச் சீனன்குடாவிலும் இறங்கித் திரும்பினால் அந்தத் தூரம் தாராளமாக வந்துவிடும். அப்படிப் பலாலிக்கு வரும் நேர்கோடு வன்னியின் மேற்குப் பக்கத்து வானத்தைக் கடந்துதான் போகிறது.

சி.பி.எல். கிடைத்ததும் விமான நிறுவனம் கூப்பிட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு மேல் ரேட்டிங் எனப்படும் மேலதிகத் தகுதிகள் வேண்டும்: இரட்டை எஞ்சின் விமானத்துக்கான ரேட்டிங், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ஏ.டி.பி.எல். பாடங்கள், கடைசியில் குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் எல்லாம் இருக்கின்றன. ஸ்ரீலங்கன் விமானங்கள் எல்லாம் ஏர்பஸ் ஏ320, ஏ330 குடும்பத்தவை. ஆகவே அங்கு போகும் பிள்ளை ஏர்பஸ் டைப் ரேட்டிங் எடுத்தே ஆக வேண்டும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்குமா, பிள்ளை ஏற்குமா என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும்.

மெடிக்கல்: காசு கட்டுவதற்கு முன்பு

இதை நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது. விமானியாகச் சம்பளம் வாங்க முதலாம் தர மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவர்கள்தான் அதைச் செய்வார்கள். கண், காது, இரத்தம், சிறுநீர், இதயத்துக்கு ஈ.சி.ஜி., பழைய நோய் விபரம் எல்லாம் பார்ப்பார்கள்.

அதில் ஒரு பகுதி இஷிஹாரா அட்டைகள். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளால் நிறைந்த வட்டம். நடுவில் வேறு நிறப் புள்ளிகளால் ஒரு எண். நிறப் பார்வை சரியாக உள்ளவருக்கு எண் உடனே கண்ணில் படும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு அங்கே வெறும் புள்ளிகள்தான் தெரியும், அல்லது வேறு எண் தெரியும். ஆண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேர் வரை இந்தக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்பது உலகளவில் சொல்லப்படும் கணக்கு. ஆசியாவில் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடம் முழுக்கப் படித்து முடித்தும் தனக்கு இது இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகள் உண்டு. காணியை ஈடு வைத்துப் பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் நிலை எந்த வீட்டுக்கும் வரக் கூடாது.

கண்ணாடி போடுவது தடையில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 இருந்தால் ஐ.சி.ஏ.ஓ. அளவுக்குப் போதும். ‘கண்ணாடி போட்ட பிள்ளை, அவளுக்குச் சரிவராது’ என்று சொல்லி ஆசையையே அணைத்துவிடும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றும்: ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று லைசன்ஸ் சட்டத்தில் எங்கும் கிடையாது.

இரத்மலானைக்கு நேராகப் போவது

உயர்தரம் முடிந்ததும் கம்பஸ் அனுமதியை விட்டுவிட்டு, அல்லது அனுமதி வராவிட்டால், கொழும்பில் தங்கி இரத்மலானையில் முழுநேரமாகப் பறப்பது முதல் வழி. நாட்டின் சிவில் பறப்புப் பயிற்சியின் மையம் அந்த விமான நிலையம்தான். இதன் பெரிய நன்மை தொடர்ச்சி. பறப்பு கையும் கண்ணும் சேர்ந்து பழக வேண்டிய வேலை. கிழமைக்கு மூன்று நான்கு தடவை பறப்பவர் முன்பு கற்றதை மறக்காமல் அடுத்ததைக் கற்பார். மாதத்துக்கு ஒரு தடவை போகிறவர் ஒவ்வொரு முறையும் முதல் இருபது நிமிடத்தைப் பழையதை மீட்கவே செலவழிப்பார். அந்த இருபது நிமிடத்துக்கும் காசு கட்ட வேண்டும்.

பயிற்சி விமானம் எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செஸ்னா 152 என்றால் இரண்டே இருக்கை. மாணவரும் பயிற்றுநரும் தோளோடு தோள் முட்ட உட்காருவார்கள். எஞ்சினைத் தொடங்குவதற்கு முன்பு மாணவர் விமானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இறக்கைக்குக் கீழே உள்ள வால்வை ஒளி ஊடுருவும் ஒரு சிறு குழாயால் அழுத்திக் கொஞ்சம் பெற்றோலைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அவ்காஸ் எனப்படும் அந்த விமானப் பெற்றோல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத முத்தாகத் தங்கி நிற்கும். தெளிவாக வரும்வரை பிடித்துப் பார்த்த பிறகுதான் ஏறுவது. இந்தப் பொறுமை இல்லாதவருக்கு இந்தத் தொழில் சரிவராது.

அந்த நீலப் பெற்றோல் இறக்குமதி. விமானத்தின் உதிரிப்பாகம் இறக்குமதி. அதனால்தான் கட்டணத்தை ரூபாவில் சொன்னாலும் அதன் பின்னால் டொலர் நிற்கிறது. இங்கேதான் இந்த முதல் வழியின் ஆபத்தும் இருக்கிறது. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் 150 டொலர் என்று வைத்தால் 200 மணி நேரத்துக்கு 30,000 டொலர். 2022 மார்ச்சுக்கு முன்பு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அப்போது இது 60 இலட்சம். அதே ஆண்டு மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. அதே பயிற்சி ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் அகப்பட்ட பிள்ளையின் நிலையை யோசியுங்கள். தொடர்ந்து பறக்கக் காசு இல்லை. நிறுத்தினால் கற்றது கையை விட்டுப் போகும். 120 மணி நேரம் பறந்து நின்றவருக்கு அதை வைத்து ஒரு நிறுவனமும் வேலை தராது.

ஆகவே நேராகப் போகலாம், ஆனால் யாருக்கு? சி.பி.எல்., இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டுக்கும் வேண்டிய முழுப் பணமும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் வீட்டின் கையில் ஏற்கனவே இருக்கும் பிள்ளைக்கு. ‘முதல் தவணையைக் கட்டுவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்’ என்று தொடங்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

வன்னியில் பணம் திரட்டுவது பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இங்கே நிறையக் குடும்பங்களின் கையில் உள்ளது உறுதிக்காணி அல்ல, பெர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரத்தை உறுதி போல வங்கியில் ஈடு வைக்க முடியாது. அதனால் தனியார் வட்டி, நகை அடகு, சீட்டு என்று போக வேண்டி வருகிறது. மாத வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மழைக்காகப் பறப்பு நிற்கும் ஒவ்வொரு நாளும் வலிக்கும். மழை நிற்கப் போவதில்லை: தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை இரத்மலானைப் பக்கத்தில்தான் கொட்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடியோடு வரும். வட்டிக்கு வாங்கிப் பறக்கத் தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பஸோடு சேர்த்துச் செய்வது

இது நான் ஆதரிக்கும் வழி. அதனால் இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் இருக்கின்றன. இலவசக் கல்வியில் ஒரு பட்டம், பெரும்பாலும் வீட்டில் இருந்தே போய்வரும் தூரத்தில். இதை விட்டுவிட்டுப் போவதற்கு முன்பு நன்றாக யோசிக்க வேண்டும். விமானி லைசன்ஸுக்கு எந்த நாட்டிலும் பட்டம் சட்டத் தேவை அல்ல. அமெரிக்காவின் டெல்ரா நிறுவனம்கூட 2022இல் நான்கு வருடப் பட்டம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது. அப்படியிருந்தும் பட்டத்தை ஏன் முடிக்கச் சொல்கிறேன்?

விமானியின் வேலை அவருடைய மெடிக்கலில் தொங்குகிறது. 40 வயதுக்குக் கீழே வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு வலிப்பு, ஒரு இதயக் கோளாறு, அத்தோடு ஆசனம் போய்விடும். உடம்பு நன்றாக இருந்தாலும் உலகம் நின்றுவிடலாம். 2020 மார்ச்சில் கட்டுநாயக்கா பயணிகள் வரவுக்கு மூடப்பட்டது; சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது 2021 ஜனவரியில். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விமானிகள் அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தார்கள். சம்பளம் கிடைக்கும் வேறு ஒரு தகுதி கையில் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கடலை நம்பி இருப்பவர் வீட்டில் இரண்டு ஆடும் நிற்பது போலத்தான் பட்டம்.

வயதைப் பற்றிய பயமும் தேவையில்லை. பல விமானிகள் கொண்ட சர்வதேச விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம். 25இல் தொடங்கினாலும் 40 வருடம் இருக்கிறது.

சரி, கம்பஸில் இருந்துகொண்டே பறக்க முடியுமா? வார இறுதிகளில் முடியாது என்பதுதான் என் கருத்து. வவுனியாவில் இருந்து வெள்ளி இரவு பஸ் எடுத்தால் விடியப்புறம் கோட்டை. அங்கிருந்து கரையோர ரயிலில் இரத்மலானை. இரவு முழுக்கப் பஸ்ஸில் தூங்காத கண்ணோடு விமானத்தில் ஏறுவது நல்லதல்ல. அன்றைக்குப் பார்த்து மழை பெய்தால் பஸ் காசும் போய் நாளும் போய்விடும். அப்புறம் திங்கள் விரிவுரை, வரவுப் பதிவு. இப்படி இழுத்தால் இரண்டும் பாழாகும்.

முடியும் வழி ஒன்று இருக்கிறது. நீண்ட விடுமுறையில் கொழும்பில் தங்கிப் பி.பி.எல்.லை மட்டும் ஒரே மூச்சில் முடிப்பது. பி.பி.எல். ஒரு இயல்பான நிறுத்தம். அதோடு நின்றாலும் கையில் ஒரு லைசன்ஸ் இருக்கும். செலவும் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். இந்தத் தொழில் தனக்குப் பிடிக்கிறதா, வயிற்றைப் புரட்டாமல் தாங்குகிறதா, பயிற்றுநர் இறங்கிப் போய்த் தனியாக விட்டால் தலை நிதானமாக வேலை செய்கிறதா என்பதெல்லாம் அந்த நாற்பது மணி நேரத்தில் தெரிந்துவிடும். உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத் தொடக்கத்துக்கும் நடுவில் நம் நாட்டில் கிடைக்கும் அந்த நீண்ட காத்திருப்புக் காலமும் இதற்கு நல்லது. நம்மில் பலர் அதைக் கணினி வகுப்போடு கழித்துவிடுகிறோம்.

மிச்சக் காலத்தில் செய்ய வேண்டியது பெரும்பாலும் காசில்லாத வேலை. வளிமண்டலவியல், வழிகாட்டல், பறப்பின் கோட்பாடு, விமானச் சட்டம், மனிதச் செயற்றிறன், எடையும் சமநிலையும் ஆகியவை ஏ.டி.பி.எல். பாடங்களில் சில. இணைந்த கணிதமும் பௌதிகமும் படித்த பிள்ளைக்கு இவற்றில் பாதி பழகிய இடம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: படிப்பை முன்கூட்டியே தொடங்கலாம், பரீட்சையை முன்கூட்டியே எழுதக் கூடாது. ஐரோப்பிய முறையில் முதல் பரீட்சை எழுதியதில் இருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். முடித்த பிறகு 36 மாதத்துக்குள் சி.பி.எல்.லும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் எடுத்துவிட வேண்டும். பறக்கக் காசு இல்லாத காலத்தில் பரீட்சை எழுதினால் அந்தத் தேர்ச்சி காலாவதியாகிவிடும்.

ஆங்கிலம்தான் வன்னிப் பிள்ளை அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம். சர்வதேசப் பறப்புக்கு ஐ.சி.ஏ.ஓ. ஆங்கில அளவில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும், நிலைகள் ஆறு. நான்கில் இருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்படுவார். ஆறில் இருப்பவருக்கு அது தேவையில்லை. இலக்கணப் பரீட்சை இல்லை இது. இரைச்சலுக்கு நடுவே வானொலியில் வேகமாக வரும் குரலைப் பிடித்து, எண்களைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லி, எதிர்பாராத ஒன்றை விளக்க வேண்டும். நான்கு வருடக் கம்பஸ் காலம் இதற்குத் தாராளம். சிங்களமும் பேசப் பழகிக்கொண்டால் இரத்மலானையில் நாளாந்தம் பழகுவது மிகவும் இலகு.

வெளிநாடு

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு மாமாவோ சித்தியோ ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில் இருக்கிறார். ‘இங்கே அனுப்புங்கோ, படிப்பிக்கிறன்’ என்று சொல்லவும் செய்கிறார். நல்ல மனம்தான். அவர் வீட்டில் தங்கினால் வாடகையும் சாப்பாடும் மிச்சம், ஆனால் பறப்பு மணியின் விலை குறையாது.

அமெரிக்காவைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வாசிக்கும் அறிவுரையில் பெரும்பகுதி அங்கத்தையது. 2009இல் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்த பிறகு அந்த நாட்டுச் சட்டம் மாறியது. 2013இல் இருந்து அங்கே பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாக அமரவே 1500 மணி நேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் பட்டம் முடித்தவருக்கு அது 1000 ஆகக் குறையும். ‘கல்லூரியிலேயே விமானவியல் பட்டம் எடு’ என்று அங்கே சொல்வதன் பெரிய காரணம் இந்த 500 மணி நேரம்தான். மிச்ச மணி நேரத்தைப் பயிற்றுநராக வேலை செய்து சம்பளத்தோடு நிரப்புவார்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு அது அருமையான பாதை. நம் பிள்ளை பறப்புப் பயிற்சிக்கான எம்-1 விசாவில் போனால் அப்படி வருடக்கணக்கில் வேலை செய்து மணி நேரம் சேர்க்க இடமில்லை. தொடக்கத்தில் இருந்து சி.பி.எல். கடந்து பயிற்றுநர் ரேட்டிங் வரை 80,000 டொலரைத் தாண்டுவதும் அங்கே சாதாரணம். இங்கோ, இந்தியாவிலோ, ஐரோப்பாவிலோ துணை விமானிக்குச் சி.பி.எல்.லும் வேண்டிய ரேட்டிங்குகளும் பாடங்களும் இருந்தால் போதும், 1500 மணி நேரம் சட்டப்படி தேவையில்லை என்பதை நினைவில் வைத்தால், அந்த அறிவுரை ஏன் நமக்குப் பொருந்தாது என்பது விளங்கும்.

இந்தியா அருகில் இருக்கிறது. பலாலியில் இருந்து சென்னைக்கு ஏ.டி.ஆர். 72 விமானம் பறக்கிறது. மொழியும் சாப்பாடும் பழக்கம். 200 மணி நேரத்தில் சி.பி.எல். கிடைக்கும். ஆனால் வெளிநாட்டு மாணவருக்குப் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும், அதற்குக் காலம் போகும். அங்குள்ள நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் விமானம் வாங்கினாலும் தொடக்கநிலைத் துணை விமானி இடங்களுக்குத் தங்கள் நாட்டுப் பிள்ளைகளையே எடுக்கின்றன. ஆகவே லைசன்ஸை இங்கே கொண்டுவந்து மாற்றித்தான் வேலை தேட வேண்டும். மாற்றும்போது இங்குள்ள அதிகாரசபையின் பரீட்சையும் பறப்புச் சோதனையும் இருக்கும். அந்தச் செலவையும் மாதங்களையும் முதலே கணக்கில் சேர்க்காமல் ‘இந்தியா மலிவு’ என்று சொல்லக் கூடாது.

கனடாவும் அவுஸ்திரேலியாவும் வேறு வகை. கனடாவில் சி.பி.எல். 200 மணி நேரம். அவுஸ்திரேலியாவில் ஒரே தொடர் பயிற்சியானால் 150. பயிற்சி தரமானது, கல்லூரி டிப்ளோமாவோடு சேர்த்தும் செய்யலாம். ஆனால் சர்வதேச மாணவர் கட்டணம் பல மடங்கு. நிரந்தர வதிவிடம் கிடைக்கும் வாய்ப்பு உண்மையில் இருக்கிற பிள்ளைக்கு, உதாரணமாகக் குடும்பமே குடிபெயரப் போகிறது என்றால், இங்கே தொடங்காமல் காத்திருந்து அங்கே உள்ளூர் மாணவராகத் தொடங்குவதுதான் புத்தி. அந்த வாய்ப்பு இல்லாதவருக்கு அவ்வளவு செலவு செய்து அங்கு போகக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

விமானப்படையும் கடெற் திட்டமும்

காசு இல்லாமல் விமானி ஆக நிச்சயமான வழி என்று பார்த்தால் விமானப்படைதான். பயிற்சி சீனன்குடாவில், செலவு அரசினது, அதற்குப் பதிலாக நீண்ட சேவைக்காலம். விமானப்படைப் போக்குவரத்து விமானங்களில் பறந்துவிட்டுப் பிறகு நிறுவனங்களுக்குப் போனவர்கள் இந்த நாட்டில் பலர். 2009 போரைக் கடந்து வந்த வன்னி வீடுகளில் இது இலகுவான பேச்சு இல்லை. யாரையும் போ என்றோ போகாதே என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளையும் தாய் தகப்பனும் உட்கார்ந்து மனம் விட்டுப் பேச வேண்டியது அது. ஆனால் இணைவது என்று முடிவெடுத்தால், விமானியாக மட்டும் அல்ல, முதலில் படை அதிகாரியாகச் சேர்கிறோம் என்ற தெளிவோடு சேர வேண்டும். பறப்புப் பிரிவில் தேறாவிட்டாலும் சேவைக்காலம் சேவைக்காலம்தான்.

விமான நிறுவனங்களே ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றும் கடெற் பைலட் திட்டங்கள் இடைக்கிடை வரும். வந்தால் விண்ணப்பிக்க வேண்டும். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. நிறுவனமே செலவை ஏற்கிறதா, கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழிக்கிறதா, பயிற்சியில் தவறினால் கடன் யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து. இந்தத் திட்டங்கள் வரும்போது பட்டமும் ஆங்கிலமும் மெடிக்கலும் தயாராக இருக்கும் பிள்ளை முன்னால் நிற்பார். கம்பஸ் வழியை நான் ஆதரிக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘ஏவியேஷன் டிப்ளோமா’ என்ற பெயரில் நகரங்களில் நடக்கும் பாடநெறிகள் பல. விமான நிலைய வேலைக்கும் பயணச்சீட்டு அலுவலகத்துக்கும் கபின் குழுவுக்கும் அவை உதவலாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு பறப்பு மணிகூடக் கிடையாது. சீருடை போட்ட படம் பார்த்து ஏமாறாமல், ‘இந்தப் பாடநெறியின் முடிவில் என் பறப்புப் பதிவேட்டில் எத்தனை மணி நேரம் இருக்கும்?’ என்று கேளுங்கள்.

சி.பி.எல். கிடைத்த பிறகு வரும் காலம்

ஒப்பிடும்போது எல்லாரும் மறப்பது இதைத்தான். லைசன்ஸ் கிடைத்த நாளுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு வெற்றுக்காலம் வரும். மாதங்களாகவும் இருக்கலாம், வருடங்களாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் மெடிக்கலைப் புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், கை மறக்காமல் இருக்க இடைக்கிடை பறக்க வேண்டும். எல்லாம் சொந்தக் காசு. சிலர் இரத்மலானையிலேயே பயிற்றுநராகி மணி நேரம் சேர்ப்பார்கள். உள்ளூரில் செஸ்னா கரவன் ஓட்டும் சினமன் ஏர் போன்ற சிறு நிறுவனங்கள், ஃபிட்ஸ்ஏர், பிறகு ஸ்ரீலங்கன், அதற்கு அப்பால் வளைகுடா. கதவுகள் இருக்கின்றன, ஆனால் எண்ணிவிடக்கூடிய அளவுதான். அந்தக் காத்திருப்பில் பட்டம் வைத்திருப்பவர் ஒரு வேலையில் இருந்துகொண்டே காத்திருக்கலாம். கடனோடு, வேறு தகுதி இல்லாமல் காத்திருப்பவர் இரண்டாம் வருடத்தில் வேறு தொழிலுக்குப் போய்விடுவார், லைசன்ஸ் அலுமாரியில் கிடக்கும்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது

இப்போது கம்பஸ் முதலாம் வருடத்தில் இருக்கும் தம்பி, தங்கச்சிக்கு: இந்த வருடமே முதலாம் தர மெடிக்கலைச் செய்யுங்கள். அதில் தேறினால் ஆங்கிலத்தையும் பாடங்களையும் தொடங்குங்கள். வீட்டில் பி.பி.எல்.லுக்கு மட்டும் பணம் சேர்ந்தால் ஒரு நீண்ட விடுமுறையில் அதை முடியுங்கள். சி.பி.எல். பட்டத்துக்குப் பிறகு, முழுப் பணத்தோடு, ஒரே தொடராக. மெடிக்கலில் நிறப்பார்வையால் தவறினால் அத்தோடு விமானத்துறை முடிந்துவிடவில்லை. விமானப் பராமரிப்புப் பொறியியல், பறப்புத் திட்டமிடல் போன்ற வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன மருத்துவ அளவு என்பதைத் தனியாக விசாரியுங்கள். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு அது தொலைவும் இல்லை.

மூன்றாம் நான்காம் வருடத்தில் இருப்பவர் படிப்பை விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். உயர்தரம் முடித்து, முழுப் பணமும் கையில் இருந்து, கம்பஸ் அனுமதியும் வராத பிள்ளை மெடிக்கல் முடிந்ததும் இரத்மலானைக்குப் போகலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டத்தைப் பிறகு தொடங்க இடமிருக்கிறது.

பறப்புப் பாடசாலைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் தகப்பனையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டது போதாது. எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் இருக்கின்றன, எத்தனை பயிற்றுநர்கள், எத்தனை மாணவர்கள் வரிசையில் இருக்கிறார்கள், போன வருடம் சி.பி.எல். முடித்தவர்கள் தொடங்கி முடிக்க எவ்வளவு காலம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். விமானம் இரண்டும் மாணவர் நாற்பதும் என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வாருங்கள். தரையிறங்கும் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சோதனைப் பறப்பு, மேலதிக மணி நேரம் எல்லாம் விலைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாக முன்கூட்டியே கட்டச் சொன்னால் மறுத்து, பறந்த மணி நேரத்துக்கு ஏற்பக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அங்கே இப்போது படிக்கும் ஒரு மாணவரோடு தனியாக, வெளியே வந்து, ஒரு தேநீர் குடித்துக்கொண்டே பேசுங்கள். போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று அவரிடம் கேட்டால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும்.